கருகிய தோகை

புதன்கிழமை, காலை 6.20. மணிமுத்தாறு அணைச் சாலையில் உள்ள அந்தத் தங்கும் விடுதியின் புல்வெளியில், மயிலைப் பார்த்து நித்யா அலறினாள்.

அது செடி மயில். ஃபைகஸ் செடியை நான்கு வருடம் கத்தரித்து அவள் உருவாக்கியது. எட்டடி உயரம். அதன் தோகை இலைகளெல்லாம் ஒரே சீராக நுனி சுருண்டு கருத்திருந்தன. பத்தடி தள்ளி, அவள் கணவன் இசக்கிமுருகன் வளர்த்த செடி யானை பச்சைப் பசேலென்று நின்றது.

பத்து மணிக்குத் தோட்டப் போட்டியின் நடுவர்கள் வருகிறார்கள். எந்த உருவம் ஜெயிக்கிறதோ, அதை வளர்த்தவர்தான் இனி தலைமைத் தோட்டக்காரர்.

7.45. அம்பாசமுத்திரத்தில் உரக்கடை வைத்திருக்கும் ஷரீபா பீவி, தகவல் கேட்டு வந்து ஸ்கூட்டரை விட்டு இறங்குவதற்குள் விடுதி மேனேஜர் சிவசண்முகம் பாய்ந்தார்.

“உங்க கடை மருந்து கெட்டதா இருக்கணும். இல்லன்னா நித்யா கலந்தது தப்பா இருக்கணும். தப்பு இவளதுன்னா இன்னைக்கே கணக்கு முடிச்சு அனுப்பிருவேன்.”

“மொதல்ல செடியப் பாக்கேன் அண்ணாச்சி.”

மழைக்காலத்தில் இலைகளில் பூஞ்சை வராமலிருக்க, திங்கட்கிழமை காலை இரண்டு செடிகளுக்கும் போர்டோ கலவை அடித்திருந்தார்கள். செம்பு உப்பான மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் தண்ணீரில் கரைத்துச் செய்கிற மருந்து அது.

ஷரீபா பீவி ஒரு இலையைக் கிள்ளி வெயிலில் பிடித்தார்.

“பூஞ்சைன்னா அங்கன ஒண்ணு இங்கன ஒண்ணுன்னு புள்ளி விழுந்து பையப் பைய பரவும். இது மருந்து சொட்டி நின்ன நுனியெல்லாம் வெந்துருக்கு. நித்யா, நீ எப்படிக் கலந்த?”

“எப்பவும் போலதான்க்கா. துத்தம் ஒரு வாளி, சுண்ணாம்பு ஒரு வாளி, பெறவு ரெண்டையும் சேத்தேன். ஸ்ப்ரேயர்தான் நாலு தடவ அடைச்சுக்கிட்டு. ஆனா, எப்பவும் கை எரியும், அன்னைக்கு எரியவே இல்ல.”

இசக்கிமுருகன் குறுக்கிட்டான். “மருந்துல ஒண்ணும் இல்லக்கா. அவ எடுத்த பெறவு அதே பையில மிச்சத்த எடுத்துத்தான் நானும் கலந்தேன். என் யானைக்கு என்ன ஆச்சு? கைப்பக்குவம் வேணும்லா.”

“யானைக்கு எத்தன வயசு?”

“பதினோரு வருசம்.”

“வாசல் போர்டுல மயில் படம்லா போட்டுருக்கு?”

அவன் யானைப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

8.30. மருந்து அடித்த அன்றே தோட்டச் சாமான் கொட்டகையைப் பூட்டிச் சாவியை வைத்திருந்தவர் மேனேஜர். அவரே திறந்துவிட்டார். மூலையில் சுண்ணாம்புப் பை. அதன் வாயிலிருந்து சுவர்வரை எறும்புச் சாரை. பக்கத்து வாளியில் நித்யா அடித்து மீந்த கலவை.

ஷரீபா பீவி புது இரும்பு ஆணி ஒன்றை அந்த வாளியில் போட்டார். சமையலறையிலிருந்து ஒரு டம்ளர் கொதிநீர் கேட்டார்.

8.45. ஆணியை எடுத்தார். செக்கச்செவேலென்று செம்பு படிந்திருந்தது.

“சுண்ணாம்பு சேந்தாத்தான் துத்தம் அடங்கும். அடங்காத துத்தம் ஆணியில செம்பாப் படியும், இலையச் சுடும். இந்த வாளியில சுண்ணாம்பே இல்ல.”

“போட்டேன்க்கா!” என்றாள் நித்யா. “நான் போட்டேன்.”

“நீ போட்டது இது.”

பையிலிருந்து ஒரு பிடியை எடுத்துக் கிண்ணத்தில் போட்டு, கொதிநீரை ஊற்றிக் கிளறினார். வெள்ளைப் பொடி கெட்டியாகிப் பசை போல் கரண்டியில் ஒட்டியது.

“அரிசி மாவு. சுண்ணாம்புல எறும்பு மொய்க்குமா அண்ணாச்சி? எல்லாரும் செடியப் பாத்தீங்க, இந்த எறும்ப யாரும் பாக்கல.”

“யாரு மாத்தினது?” என்றார் மேனேஜர்.

“இவ எடுத்த பெறவு இதே பையில எடுத்தேன்னு ஒருத்தர் சொன்னாரு. இதுல எடுத்திருந்தா யானையும் வெந்துருக்கணும். அது நல்லாருக்கு. அப்ப நல்ல சுண்ணாம்பத் தனியா எடுத்து வச்சுக்கிட்டு, பையில மாவக் கொட்டினது யாரு, இசக்கிமுருகா?”

அவன் சுவரைப் பார்த்துப் பேசினான். “வாறவன் பூரா மயில் செஞ்ச அம்மா எங்கனன்னுதான் கேக்கான். நான் பக்கத்துல நின்னா, போட்டோவுல விழாம தள்ளி நில்லுங்கான். பதினோரு வருசம்க்கா. வீட்டுலயும் அந்த மயில் பேச்சுதான்.”

“தலைமைத் தோட்டக்காரரா உங்களத்தான் ஆக்கணும்னு மேனேஜர்ட்ட போன வாரம் நான்தான் சொன்னேன்,” என்றாள் நித்யா.

ஆமாம் என்று மேனேஜர் தலையை ஆட்டினார். இசக்கிமுருகன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

9.10. நித்யா கத்தரியோடு மயிலிடம் போனாள். கருகிய தோகையை அடியோடு வெட்டத் தொடங்கினாள். நிமிர்ந்த கழுத்தும் உடம்பும் மட்டும் மிஞ்சும். தோகையின் மேல்கிளை எட்டவில்லை. இசக்கிமுருகன் ஓடிப்போய் ஏணியைக் கொண்டுவந்து சாய்த்து, இரு கையாலும் பிடித்துக்கொண்டான்.

அவள் ஏறவில்லை.

“கைய எடுங்க,” என்றாள். “நீங்க பிடிச்சா எனக்கு ஏறப் பயமா இருக்கு.”