கொக்கிக்கு வந்த தண்ணீர்

ஓட்டில் ஓட்டை இல்லை. ஆனாலும் மழை பெய்தால் ஜெபவீட்டின் மூன்றாம் பெஞ்சில் தண்ணீர் சொட்டியது.

"இது எப்படி?" என்று அண்ணாந்து பார்த்தபடி நின்றாள் ஒரு சிறுமி. எதைப் பார்த்தாலும் "ஏன்? எப்படி?" என்று கேட்பதால் அவளுக்கு ஏன்குட்டி என்றே பெயர் விழுந்துவிட்டது.

சபையைச் சேர்ந்த ரொட்டிக்கடைக்காரர் ஏணி போட்டு ஏறினார். பெஞ்சுக்கு நேர் மேலே இருந்த ஓட்டைத் தட்டிப் பார்த்தார்.

"ஒரு கீறல்கூட இல்லம்மா. நல்லாத்தான் இருக்கு."

எதற்கும் இருக்கட்டும் என்று அதை எடுத்துவிட்டுப் புது ஓடு வைத்தார். அடுத்த மழையில் அதே இடத்தில் 'டொக்' என்று ஒரு சொட்டு.

பெஞ்சின் மேல் ஒரு வாளி வைத்தார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் பாடும்போது வாளியும் 'டொக், டொக்' என்றது.

"இதுவும் தாளம் போடுதே! அதையாவது ஒழுங்கா போடுதா பாரு" என்றார் தையல்கார அத்தை. எல்லாரும் சிரித்தார்கள். ஏன்குட்டி சிரிக்கவில்லை.

அது அவள் அம்மாவின் இடம். போன குளிர்காலத்தில் நெஞ்சில் சளி கட்டி அம்மா இறந்துவிட்டார். அம்மா கை வைத்து வைத்தே பெஞ்சின் ஓரம் வழுவழுப்பாகியிருந்தது. ஏன்குட்டி அங்கே கையை வைத்துத்தான் ஜெபம் செய்வாள். இப்போது அந்த மரம் ஊறிப்போய், நகம் பட்டாலே பிய்ந்து வந்தது.

போதகர் பெஞ்சை அழுத்திப் பார்த்தார். "இத்துப்போக ஆரம்பிச்சிடுச்சு. அடுத்த ஞாயிறுக்குள்ள ஒழுகல் நிக்கலன்னா எடுத்துட வேண்டியதுதான். யாராவது உக்காந்து விழுந்துட்டா?"

"எடுக்காதீங்க ஐயா! எங்க அப்பா தச்சுவேலைதானே செய்றாரு? அவரைக் கூட்டிட்டு வர்றேன்."

போதகர் அவள் தலையைத் தடவினார். அம்மாவை அடக்கம் செய்த நாளிலிருந்து அப்பா ஜெபவீட்டுப் படி ஏறவில்லை.

அன்று போதகர், வெகுகாலத்துக்கு முன் வாழ்ந்த ஓர் எபிரேயத் தீர்க்கதரிசியைப் பற்றிப் பேசினார். வேற்று நாட்டில் சிறைப்பட்டிருந்த மக்கள் சொந்த ஊர் திரும்பினார்கள். அவர்களுடைய ஆலயம் இடிந்து கிடந்தது. "கட்டலாம், நேரம் வரட்டும்" என்றார்கள். ஆனால் தங்கள் வீட்டுச் சுவர்களுக்கு மட்டும் அழகாக மரப்பலகை அடித்துக்கொண்டார்கள். "உங்க வீட்டுக்கு மட்டும் நேரம் எப்படி வந்துச்சு?" என்று தீர்க்கதரிசி கேட்டாராம். முதலில் போய் ஆலயத்துக்கு மரம் கொண்டுவரச் சொன்னாராம்.

ஏன்குட்டிக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் வீட்டை எட்டிப் பார்த்தவர் மாதிரி கேட்டிருக்கிறாரே!

அவள் வீட்டுக்குப் போனபோதும் அப்பா சுவருக்குப் பலகைதான் அடித்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவருக்கு அதுதான் வேலை. ஈரச் சுவரின் குளிர்தான் அம்மாவைக் கொண்டுபோய்விட்டது என்று அவர் நினைத்தார். கூடமும் சமையலறையும் முடிந்துவிட்டன. மகளின் கட்டிலை ஒட்டிய சுவர்தான் பாக்கி. அதற்கான பலகைகளை அறுத்துச் சாய்த்து வைத்திருந்தார்.

"அப்பா, ஜெபவீட்டு ஓட்டைப் பாக்க வர்றீங்களா?"

அப்பா வாயில் ஆணிகளைக் கவ்வியிருந்தார். "நேம் வட்டும்."

"என்னது?"

ஆணிகளைக் கையில் எடுத்தார். "நேரம் வரட்டும்னேன்."

ஏன்குட்டி பின்கட்டுக்குப் போனாள். மழை விட்டிருந்தது. துணி காயப்போடும் கம்பி ஒரு பக்கம் உயரமாகவும் மறுபக்கம் தாழ்வாகவும் இருந்தது. அதன் அடியில் ஒட்டிக்கொண்டு துளிகள் சறுக்குமரத்தில் பிள்ளைகள் போல வரிசையாக ஓடின. ஒன்றும் கீழே விழவில்லை. நடுவில் ஒரு துணிக்கிளிப் மாட்டியிருந்தது. அங்கே வந்த துளிகள் வழியில்லாமல் நின்றன, ஒன்றோடொன்று சேர்ந்தன, குண்டாயின. 'டொக்!'

அவள் கிளிப்பைக் கொஞ்சம் தள்ளி மாட்டினாள். சொட்டும் இடமும் தள்ளிப்போனது! இன்னும் கொஞ்சம் தள்ளினாள். அதுவும் கூடவே வந்தது.

அப்படியானால் தண்ணீர் வருவது ஓர் இடம், விழுவது வேறோர் இடம்! ஜெபவீட்டில் கிளிப் மாதிரி இருப்பது எது?

ஓடிப்போய் அண்ணாந்து பார்த்தாள். ஓடுகளைத் தாங்கும் சாய்வான மரச்சட்டம் ஒன்று மூன்றாம் பெஞ்சுக்கு மேலாக இறங்கியது. அதன் அடியில் ஓர் இரும்புக் கொக்கி. கொக்கியிலிருந்து கூரை உச்சிவரை சட்டத்தில் கறுப்பாக ஓர் ஈரக்கோடு. உச்சியில், ஓட்டின் கீழே இருந்த பலகை கரிபோல் கறுத்திருந்தது.

அந்தக் கொக்கியை அவளுக்குத் தெரியும். அம்மாவுக்குப் பார்வை மங்கல். வெளிச்சம் போதவில்லை என்று, விளக்குத் தொங்கவிட அப்பா அடித்துக் கொடுத்தது.

மூச்சு வாங்க வீட்டுக்கு ஓடினாள்.

"அப்பா, கண்டுபிடிச்சிட்டேன்! தண்ணி கூரை உச்சியில உள்ள வருது. சட்டத்தோட அடியில ஒட்டிக்கிட்டே இறங்குது. கொக்கி தடுத்ததும் சொட்டுது."

"எந்தக் கொக்கி?"

"நீங்க அம்மா விளக்குக்கு அடிச்சீங்களே, அது."

சுத்தியல் பாதியில் நின்றது. "அப்போ... அம்மா இடத்துலயா சொட்டுது?"

"ஆமாப்பா. பெஞ்சு இத்துப்போகுது. அடுத்த ஞாயிறுக்குள்ள நிக்கலன்னா எடுத்துடுவாங்களாம்."

அப்பா தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அங்க வந்தா அந்த இடம் காலியா இருக்கும்டா. அதைப் பாக்கத்தான் எனக்குத் தெம்பில்ல."

"காலியா இல்லப்பா. வாளி இருக்கு."

அப்பா சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது. ஏன்குட்டியும் அவர் தோளில் சாய்ந்து அழுதாள். அம்மா போன பிறகு இருவரும் சேர்ந்து அழுதது அதுதான் முதல் தடவை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அப்பா, "ஓடு கிடைக்கும். கறுத்த பலகையையும் மாத்தணும். நல்ல மரத்துக்கு எங்க போறது? அதுக்கு நேரம்..." என்று ஆரம்பித்து, சட்டென்று நிறுத்தினார்.

ஏன்குட்டி சாய்த்து வைத்த பலகைகளைக் காட்டினாள்.

"அது உன் சுவருக்கும்மா. ராத்திரி குளிருமே?"

"எனக்குப் போர்வை இருக்கு. என் சுவருக்கு நேரம் வரட்டும்."

மறுநாள் காலையில் அப்பா பலகையைத் தோளில் வைத்துக்கொண்டு ஜெபவீட்டு வாசலில் நின்றார். உள்ளே கால் வைக்கக் கொஞ்ச நேரமானது. ஏன்குட்டி அவசரப்படுத்தவில்லை. பிறகு அவர் ஏணியில் ஏறினார். அவள் கீழே பிடித்துக்கொண்டாள்.

"உச்சி ஓட்டுல மயிரிழை மாதிரி விரிசல் விட்டிருக்கு. நீ சொன்ன இடமேதான்!" என்று மேலிருந்து குரல் வந்தது.

வேலை முடிந்ததும் அப்பா கொக்கியைத் தொட்டுப் பார்த்தார். "இதைப் பிடுங்கிடவா?"

"வேண்டாம்பா. தப்பு அது மேல இல்ல. வந்த தண்ணியைத்தானே அது காட்டிக் கொடுத்துச்சு?"

அப்பா ஜெபவீட்டு அலமாரியிலிருந்து அம்மாவின் விளக்கை எடுத்துத் துடைத்து, கொக்கியில் மாட்டினார். பெஞ்சில் பிய்ந்த இடத்தை மட்டும் அறுத்து, இன்னொரு பலகைத் துண்டைப் பொருத்தினார். அந்தத் துண்டு சொரசொரப்பாகத்தான் இருந்தது. வழுவழுப்பாக இன்னும் நிறைய நாளாகும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நல்ல மழை. மூன்றாம் பெஞ்சில் அப்பாவும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். இருவருக்கும் நடுவில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் இருந்தது. பாட்டு முடிந்து அமைதியானபோது ஏன்குட்டி காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். சத்தமே இல்லை.

ஓட்டை மூன்றாம் பெஞ்சுக்கு மேல் இல்லை, கூரையின் உச்சியில் இருந்தது. அங்கே ஓர் ஓடும் ஒரு பலகையும் மாற்றினார்கள். ஒழுகல் நின்றுவிட்டது.