மூன்று விரல் உயரத்தில் நிலா

மௌனி கத்தினார். அதுவே அந்த விடியற்காலையின் முதல் அதிர்ச்சி.

அந்த வீட்டு இருட்டறையில் பல வருஷமாகப் படம் கழுவி அச்சுப் போடுகிறவர் அவர். ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம். அப்படிப்பட்டவர் மூடுபனிக்குள் நின்று தொண்டை கிழியக் கத்தினார்.

"அம்மா! ஐயா விழுந்து கிடக்கார்!"

அத்தை செருப்புக்கூடப் போடாமல் ஓடினார். வீட்டில்தான் அவர் அத்தை. காவல்துறையில் இருந்தவரை மேடம். வேலையிலிருந்து ஓய்வு பெற்றாலும் அவர் முதுகு மட்டும் ஓய்வு பெறவில்லை. நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து அவரை யாரும் பார்த்ததில்லை.

பள்ளத்தாக்கை நோக்கிய கல் படிகளின் அடியில் அவருடைய தம்பி கிடந்தார். பின்மண்டையில் ரத்தம். ஊரெல்லாம் நிலாக்காரர் என்று அழைக்கும் அந்த மனிதரின் கேமரா மேல்படியில் முக்காலியில் நின்றது. அதன் லென்ஸ் முழுக்கப் பனி முத்து முத்தாகக் கோத்திருந்தது.

"அப்பா!"

பனியைக் கிழித்துக்கொண்டு தம்பி மகன் சின்னவன் ஓடிவந்தான். கழுத்தில் அவனுடைய கேமரா ஆடியது.

மூவருமாகத் தூக்கிச் சமையலறைக்குக் கொண்டுபோனார்கள். வீட்டிலேயே சூடான இடம் அதுதான். விறகடுப்பு எரிந்துகொண்டிருந்தது, கெட்டிலில் தண்ணீர் தளதளத்தது, ஜன்னல் கண்ணாடியெல்லாம் ஆவி. ஏதோ கருகிய நாற்றம். கெட்டில் கைப்பிடியாக இருக்கும் என்று அத்தை நினைத்தார். நுழைந்த கணமே அவருடைய மூக்குக்கண்ணாடி வெளுத்துப்போய்விட்டது. முந்தானையால் துடைத்து மாட்டினார். பக்கத்தில் மௌனியும் தம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

சின்னவன் கேமராவை மேசைமேல் வைத்தான். அதன் லென்ஸில் அடுப்புத் தீ குட்டிச் சுடராகத் துல்லியமாகத் தெரிந்தது. இந்தக் கலவரத்திலும் கருவியை எவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறான், எங்கள் வீட்டுப் பிள்ளை, என்று அத்தைக்கு ஓர் ஓரத்தில் பெருமைகூட வந்தது.

ஆஸ்பத்திரியும் காவல் நிலையமும் மலைப்பாதையின் கீழ்வளைவில் அடுத்தடுத்து இருந்ததால் இரண்டு வண்டிகளும் ஒன்றாகவே வந்தன. "மூச்சு சீராத்தான் இருக்கு, பிழைச்சுக்குவார்" என்று சொல்லி டாக்டர் தம்பியை ஏற்றிப்போனார். அத்தையிடம் வேலை பழகிய இன்ஸ்பெக்டர் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, தகர டப்பா ஒன்றோடு சமையலறைக்கு வந்தார். வந்ததும் அவரும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மேடம், இருட்டறையில இது திறந்து கிடந்துச்சு. காலி."

தம்பி ஆயுள் முழுக்க எடுத்த நிலாப் படங்களின் நெகட்டிவ்கள் இருந்த டப்பா அது.

"இருட்டறைச் சாவி யார்கிட்ட?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"மௌனிகிட்ட" என்றான் சின்னவன். "நேத்து அப்பா இவரை வெளியே போன்னு கத்தினார். அத்தையும் கேட்டாங்க."

"கேட்டேன்" என்றார் அத்தை. "இவரை விசாரிங்க. எங்க குடும்பத்துல போலீஸ் ஸ்டேஷன் வாசல் மிதிச்சவ நான் ஒருத்திதான். அதுவும் சம்பளத்துக்கு."

"என்ன சண்டை?" என்றார் இன்ஸ்பெக்டர்.

மௌனி தலையைக் குனிந்துகொண்டார். சட்டையில் ரத்தம்.

"சண்டை என்னன்னு கேட்கிறேன்."

"அது வீட்டு விஷயம். ஐயா எழுந்து சொல்லட்டும்."

"சின்னவரே, நீங்க எங்க இருந்தீங்க?"

"பள்ளத்தாக்கு ஓரத்துப் பாறைமேல. இருட்டோட போயிட்டேன். கேமராவை வச்சுட்டு நிலா இறங்கக் காத்திருந்தேன். படம் எடுத்து முடிச்சதும் சத்தம் கேட்டுச்சு, நேரா ஓடிவந்தேன். இதோ."

கேமராத் திரையைக் காட்டினான். பனிக் கடலுக்கு மேலே கறுத்த மலைமுகடு; அதில் பாதி புதைந்த முழுநிலா. மூலையில் இன்றைய தேதி, ஆறு மணி.

"பிரமாதம்!" என்றார் இன்ஸ்பெக்டர். "நிலாப் படத்துக்குப் பரிசு வாங்கின கையாச்சே. மௌனி, கிளம்புங்க."

மௌனி எழுந்தார். வாசல் வரை போய்த் திரும்பி, "அடுப்பைக் கொஞ்சம் பார்த்துக்குங்கம்மா" என்றார்.

அந்த ஒரு வாக்கியம் அத்தையின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

"நில்லுங்க. இன்னைக்கு அடுப்பு மூட்டினது நீங்கதானே?"

"இல்லம்மா. தண்ணி எடுக்கப் போனேன். ஐயாவைப் பார்த்தேன்."

அத்தையும் மூட்டவில்லை. அப்படியானால் யார்? கருகல் நாற்றம் இன்னும் மூக்கில் இருந்தது. கெட்டில் கைப்பிடியைப் பார்த்தார், புதிதுபோல் இருந்தது. இடுக்கியை எடுத்து அடுப்புச் சாம்பலைக் கிளறினார். உருகிச் சுருண்ட பிலிம் துண்டு ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தது.

அத்தை அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டால் போதும். வெளியாள் ஒருவன் உள்ளே போவான். குடும்பப் பெயர் தப்பிக்கும். முதுகு முன்னைவிட விறைத்தது.

"டேய் சின்னவனே. இருட்டோட போனேன்னு சொன்னியே, குளிரா இருந்துச்சா?"

"உறைஞ்சே போயிட்டேன் அத்தை."

"நீ உறைஞ்சே. கேமரா உறையலையே? குளிர்ல இருந்து இந்த அறைக்குள்ள வந்த கண்ணாடியெல்லாம் வெளுத்துப்போச்சு. என்னோடது, மௌனியோடது, இன்ஸ்பெக்டரோடது. உன் லென்ஸ் மட்டும் பளிங்கா இருந்துச்சு. அது ராத்திரி பூரா வீட்டுக்குள்ள சூட்டுல இருந்திருக்கு. கத்தின சத்தம் கேட்டதும் கழுத்துல மாட்டிக்கிட்டு, பின்வாசல் வழியா சுத்தி ஓடிவந்தே."

"படம் இருக்கே அத்தை! தேதி இருக்கே!"

"தேதியைத் திருத்த ரெண்டு விரல் போதும்."

அத்தை ஜன்னலருகே போய் ஆவி படிந்த கண்ணாடியை உள்ளங்கையால் ஒரே இழுப்பில் துடைத்தார்.

மூடுபனிக்கு மேலே, வெளுத்த வானத்தில், மலைமுகட்டுக்கு மூன்று விரல் உயரத்தில் முழுசாக நின்றது நிலா.

"ஆறு மணிக்கே பாதி புதைஞ்ச நிலா இப்ப எப்படிடா மேல ஏறுச்சு? அது நேத்து எடுத்த படம். நிலா ஒவ்வொரு நாளும் பிந்தித்தான் இறங்கும். தினம் வானத்தைப் பார்க்கிறவனுக்கு இது தெரியாம இருக்காது. உனக்குத் தெரியலை. அப்பா நெகட்டிவை ஏன் எரிச்சே? பரிசு வாங்கின அந்தப் படத்தை நீ எடுக்கலை. அப்படித்தானே?"

சின்னவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். "அப்பா எல்லார்கிட்டயும் சொல்லிடுவேன்னார். கையைப் பிடிச்சேன், உதறினார், தள்ளிட்டேன்... செத்துட்டார்னு நினைச்சேன். அது அவர் படம்னு காட்ட நெகட்டிவ் இருக்குமேன்னு பயந்து, மௌனி தூங்குறப்ப சாவியை எடுத்துப் போய் எல்லாத்தையும் எரிச்சேன். அத்தை, குடும்ப மானம் போயிடும்..."

"அது நீ அந்தப் படத்துல உன் பேரைப் போட்ட அன்னைக்கே போயிடுச்சு. இன்னொருத்தர் தலையில இதைக் கட்டினா திரும்பி வராது."

இன்ஸ்பெக்டர் அவனை அழைத்துப்போனார். அத்தை மௌனியின் எதிரே வந்து நின்றார்.

"நேத்துச் சண்டை இதுக்குத்தானா?"

"பையனை மன்னிச்சு விடுங்கன்னு கேட்டேன். அதுக்குத்தான் வெளியே போன்னார்."

"உங்களை விசாரிக்கச் சொன்னது நான். மன்னிச்சுக்குங்க." பணியில் இருந்த காலத்தில் ஒருவரிடமும் சொல்லாத வார்த்தை அது. வணங்காத தலை கொஞ்சம் தாழ்ந்தது.

மௌனி வெளியே போனார். மேல்படியில் நின்ற நிலாக்காரரின் கேமராவிலிருந்து பனியை மெதுவாக ஒற்றி எடுத்தார்.

"நிலா இன்னும் இருக்கும்மா" என்றார். "ஐயா குறிபார்த்து வச்சபடியே இருக்கு. பொத்தானை நீங்க அமுக்குங்க."

அத்தை அமுக்கினார்.