அடிவானத்தில் ஒரு கதவு

கம்ப்யூட்டர் திரையில் மொட்டைமாடிக் கதவு ஒரு விரற்கடை திறந்திருந்தது.

திறந்திருக்க வழியே இல்லை. அது வெறும் படம். இரண்டு வருடத்துக்கு முன்னால் அவள் கணவர் மொட்டைமாடி நடுவில் வெள்ளைப் பெயிண்டால் ஒரு பெருக்கல் குறி போட்டு, அதன்மேல் நின்றபடி சுற்றிச் சுற்றிப் பன்னிரண்டு புகைப்படம் எடுத்து, ஒன்றோடொன்று ஒட்டி, வானம் காட்டும் மென்பொருளுக்குள் அடிவானமாக ஏற்றியிருந்தார். அதனால் அதைத் திறந்தால் நட்சத்திரங்களெல்லாம் முன்பின் தெரியாத ஏதோ ஒரு புல்வெளிக்கு மேலே உதிக்காமல், இவர்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கும் துணிக்கொடிக்கும் தகரக் கதவுக்கும் மேலேயே உதிக்கும். தேதியை மாற்றினால் வானம் மாறும். படம் மாறாது.

வீட்டு வரைபடம் வரைவது அவள் பிழைப்பு. ஒரு கோடு மயிரிழை பிசகினாலும் கண் கண்டுபிடித்துவிடும். இத்தனை நாளும் அந்தப் படத்தில் மூடிய கதவைத்தான் பார்த்திருக்கிறாள்.

மணி எட்டுகூட ஆகவில்லை. தோழி வீட்டுக்குப் போய்விட்டு ஒன்பதுக்குள் வந்துவிடுவதாக மகள் காலையிலேயே சொல்லியிருந்தாள். காலேஜில் படிக்கிற பெண், அப்பனைப்போலவே வானப் பைத்தியம். மென்பொருளை மூடாமல் போயிருக்கிறாள், அவ்வளவுதான். படக் கோப்பு கடைசியாக மாறிய தேதியைப் பார்த்தாள். பழைய தேதி. யாரும் தொடவில்லை.

மறுபடி பார்த்தாள். கதவு ஒரு சாண் திறந்திருந்தது. உள்ளே கன்னங்கரேல் என்று இருட்டு.

அந்தக் கதவடியில்தான் அவர் செத்துக் கிடந்தார். போன வருடம் ஓர் இரவு எரிநட்சத்திரம் பார்க்க மேலே போனவர், இறங்கி வந்து முன்னறையில் படுத்துவிட்டார் என்று நினைத்து, படுக்கப் போகும்முன் தினமும் செய்வதுபோலவே வெளியே எட்டிக்கூடப் பார்க்காமல் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு வந்தாள். அவர் போன் கீழே கிடந்தது. அரைத்தூக்கத்தில் தகரம் அதிரும் சத்தம் கேட்டது. காற்று என்று புரண்டு படுத்தாள். நெஞ்சுவலி என்று மறுநாள் டாக்டர் சொன்னார்.

ஊர் உலகத்துக்கெல்லாம் கதவு திறந்துதான் இருந்தது என்று சொன்னாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாள். மகள் மட்டும் ஒருநாள் கேட்டாள். "கதவு திறந்திருந்தா அப்பா ஏம்மா இறங்கி வரல?"

"வரமுடியாமப் போச்சுடி."

இப்போது மாடிப்படி வழியே ஒரு வாசனை மெல்ல இறங்கி வந்தது, முதலில் இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல், பிறகு தொண்டையைக் கரகரக்க வைக்கும்படி. கொசுவர்த்திப் புகை. மேலே உட்காரும்போதெல்லாம் அவர் கொளுத்தி வைப்பார்.

இரண்டு இரண்டு படியாகத் தாவி ஏறினாள். நிஜக் கதவும் ஒரு சாண் திறந்திருந்தது. வெளியே பார்க்கவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு, படாரென்று சாத்தி, தாழ்ப்பாளை இழுத்து விட்டாள்.

கீழே வந்தாள். படத்திலும் கதவு மூடியிருந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டாள்.

மூடிய கதவின் முன்னால் யாரோ நின்றார்கள். முதுகு மட்டும் தெரிந்தது. கோடு போட்ட சட்டை, இடப்பக்கம் சரிந்த தோள். தூக்கிய கை.

மேலே தகரம் அதிர்ந்தது.

டம். டம். டம்.

காதைப் பொத்திக்கொண்டாள். உள்ளங்கை வழியாகவும் கேட்டது. திரையில் இருந்த முதுகைப் பார்த்து, ஒரு வருடமாக நெஞ்சுக்குள் கிடந்ததை வாய்விட்டுச் சொன்னாள். "நாந்தான் பூட்டினேன். நீங்க வந்து படுத்துட்டீங்கன்னு நெனச்சுப் பூட்டிட்டேன். என்னை மன்னிச்சிருங்க. போயிருங்க."

தட்டுவது நின்றது.

மேசை ஓரத்தில் ஏதோ மினுங்கியது. சார்ஜில் கிடந்த போன். மகளுடையது. தோழியிடமிருந்து செய்தி: "நீ வரலியா? உங்க மாடிலேர்ந்தே வானத்தப் பாத்துக்கிறியா?"

கொசுவர்த்தி. ஒரு சாண் திறந்திருந்த கதவு.

திரையில் இப்போது இரண்டு பேர். கோடு போட்ட சட்டைக்குப் பக்கத்தில் ஒரு நீலச் சுடிதார். நீளப் பின்னல். அவர் கை மகள் தோளில் இருந்தது.

ஓடினாள். முழங்கால் படியில் இடித்தது. தாழ்ப்பாள் வழுக்கியது. திறந்தாள்.

யாருமில்லை.

கொசுவர்த்தி முனையில் சிவப்பாக நெருப்பு. பெயிண்ட் குறிமேல் மகளின் செருப்பு, ஜோடியாக. தொட்டிக்குப் பின்னால் பார்த்தாள். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு தெருவை எட்டிப் பார்த்தாள். "பாப்பா! பாப்பா!" என்று கத்தினாள். எதிர்வீட்டு நாய் மட்டும் குரைத்தது.

கதவை அகலத் திறந்து, மூடிக்கொள்ளாமல் ஒரு செங்கல்லை முட்டுக்கொடுத்துவிட்டுக் கீழே ஓடி வந்தாள்.

படத்தில் கதவு மூடியே இருந்தது. அதன் முன்னால் இருவரும். ஆளுக்கொரு கையைத் தூக்கியிருந்தார்கள்.

மேலே, அவள் திறந்து போட்டுவிட்டு வந்த கதவை யாரோ தட்டினார்கள்.

ஒரு கனத்த கை. ஒரு சின்னக் கை.