கறுப்புத் திரை

இத்தாலிக்குப் போகும் பேருந்து கிளம்ப இன்னும் நாலரை மணி நேரம் இருந்தது. கணினியின் திரையோ கறுப்பாகவே கிடந்தது.

இலின்கா நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள். அவளுடைய அண்ணன் ரஸ்வான் பொத்தானை அழுத்தி அணைத்தான். மறுபடி போட்டான். விசிறி உர்ரென்று சுற்றியது. திரையில் ஒரு புள்ளி வெளிச்சம்கூட வரவில்லை.

அம்மா கல்யாணங்களை வீடியோ எடுப்பவர். போன வாரம் எடுத்த கல்யாணப் படத்தை வெட்டி ஒட்டி முடித்திருந்தார். கணினி அதை ஒரே கோப்பாகச் சேர்க்க வேண்டியதுதான் பாக்கி. "ரெண்டு மணிக்குப் போட்டு விடுங்க, மூணு மணி நேரத்துல தானா முடிஞ்சிடும்" என்று சொல்லிவிட்டு, ஒரு ஞானஸ்நான விழாவைப் படமெடுக்கப் போயிருந்தார்.

ஆறு மணிக்கு, கல்யாணத்தை முன்நின்று நடத்திய மணமக்களின் ஞானத்தந்தை வருவார். படத்தை வாங்கிக்கொண்டு பேருந்து ஏறுவார். மணப்பெண்ணின் அப்பா இத்தாலியில் ஒரு திராட்சைத் தோட்டத்தில் வேலை செய்கிறார். விடுமுறை கிடைக்காததால் மகள் கல்யாணத்துக்கே அவரால் வர முடியவில்லை. அங்கே இணையமும் சரியாக வராது. இந்தப் பேருந்தை விட்டால் அடுத்தது பத்து நாள் கழித்துத்தான்.

"செத்துப் போச்சு" என்றான் ரஸ்வான். அவன் உதடு வெளுத்திருந்தது. "நான் போட்ட மெமரிதான் கெடுத்துடுச்சு. அம்மா மூணு வாரமா சொல்லிட்டேதான் இருக்காங்க."

மூன்று வாரம் முன்பு அவன்தான் கணினி வேகமாக ஓடப் புது மெமரி அட்டைகளை வாங்கி உள்ளே மாட்டினான். முதல் நாள் கணினி பறந்தது. மறுநாளிலிருந்து காலையில் எழவே அடம்பிடித்தது. "உன்னை மாதிரியே இருக்குடா" என்று அம்மா கேலி செய்தார். போகப் போகக் கேலி எரிச்சலாக மாறியது.

ரஸ்வான் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினான். உள்ளே, மெமரி அட்டைகளுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஆரஞ்சு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தான். பிறகு பொத்தானை நோக்கி விரலை நீட்டினான்.

"அண்ணா, வேணாம்." இலின்கா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"விடுடி. நேரம் போகுது."

"நேத்து காலையில அம்மா இதைப் போட்டுட்டு காபி போடப் போனாங்க. திரும்பி வந்தப்போ தானா வந்திருந்தது. நடுவுல யாரும் தொடலை."

"அதுக்கு?"

"நான் செய்யுள் மனப்பாடம் பண்றப்போ நீ நடுவுல கூப்பிட்டா, நான் முதல் வரியிலேருந்துதானே ஆரம்பிப்பேன்? இதுவும் எதையோ படிக்குது. நீ அணைக்க அணைக்க முதல்லேருந்து படிக்குது."

ரஸ்வான் சிரிக்க முயன்றான், வரவில்லை. "படிச்சு முடிக்கலேன்னா?"

இலின்கா பிடித்த கையை விடவில்லை.

இருவரும் தரையில் உட்கார்ந்தார்கள். மாடியில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். லிஃப்ட் நின்ற சத்தம் கேட்டபோதெல்லாம், அம்மாதான் சீக்கிரம் வந்துவிட்டார் என்று இருவருக்கும் தூக்கிவாரிப் போட்டது.

"என் கை வலிக்குது" என்றான் ரஸ்வான்.

"வலிக்கட்டும்."

ஆரஞ்சு விளக்கு அணைந்தது. இலின்கா கண்ணை மூடிக்கொண்டாள். மறுபடி திறந்தபோது திரையில் வெள்ளை எழுத்துகள் வந்திருந்தன.

ரஸ்வான் அவசரமாகப் படித்தான். "எல்லா அமைப்பும் அழிஞ்சு பழையபடி ஆயிடுச்சாம். மெமரி மெதுவான வேகத்துல ஓடுது. அன்னைக்கு நான்தானே வேகத்தை ஏத்தி வச்சேன்?"

"தேதியைப் பாரு" என்றாள் இலின்கா.

வெளியே அக்டோபர் மழை தூறிக்கொண்டிருந்தது. திரையிலோ ஜனவரி ஒன்று.

"மின்சாரம் போயிட்டு வந்தா நம்ம அடுப்புக் கடிகாரம் பூஜ்யத்துக்குப் போயிடுமே, அது மாதிரி இருக்கு. ஆனா அடுப்பு இன்னைக்கு சரியாத்தான் காட்டுது. அண்ணா, மின்சாரமே இல்லாதப்போ இது எப்படித் தேதியை ஞாபகம் வச்சுக்கும்?"

"உள்ளே காசு மாதிரி ஒரு பேட்டரி..." ரஸ்வான் பாதியில் நிறுத்தினான். பெட்டிக்குள் எட்டிப் பார்த்தான். "அது தீர்ந்து போச்சு. ராத்திரி மின்சாரம் போனா எல்லாத்தையும் மறந்துட்டு, காலையில மறுபடி முதல்லேருந்து கத்துக்குது."

"மெமரி கெட்டுப் போகலை, அப்படித்தானே?"

"கெடலை."

மணி மூன்றே கால். இந்த வேகத்தில் சேர்த்தால் ஆறே கால் ஆகிவிடும். வேகத்தை ஏற்றினால் கொஞ்சம் முன்னாடியே முடியும். ஆனால் வேகத்தை மாற்றினால் கணினி மறுபடி படிக்க உட்காரும். மறுபடி கறுப்புத் திரை.

"நீ சொல்லு" என்றான் ரஸ்வான். பதினாறு வயசு அண்ணன் தன்னிடம் கேட்பதே இலின்காவுக்கு இன்னும் பயமாக இருந்தது.

"ஏத்து. ஆனா கையைக் கட்டிக்கிட்டு உட்காரு."

திரை கறுத்தது. ரஸ்வான் கையை மட்டுமல்ல, கண்ணையும் மூடிக்கொண்டான். இலின்கா விளக்கையே பார்த்தாள். அது அணையவே அணையாது என்று தோன்றிய நேரத்தில் அணைந்தது.

ஐந்தரை மணிக்கு அம்மா வந்தார். விழாவில் கொடுத்தனுப்பிய முட்டைக்கோஸ் உருண்டைகளின் வாசனை கூடவே வந்தது.

"முடிஞ்சுதா?"

"இன்னும் கொஞ்சம்."

அம்மா கோட்டைக்கூடக் கழற்றாமல் திரை முன்னால் நின்றார். ஆறுக்கு நாலு நிமிடம் இருந்தபோது சேர்ப்பு முடிந்தது. வாசல் மணி அடித்தபோது இலின்கா பென் டிரைவைக் கையில் பொத்தி வைத்திருந்தாள். ஞானத்தந்தை அதைச் சட்டையின் உள்பையில் வைத்துப் பித்தான் போட்டுக்கொண்டார். "பொண்ணைப் பெத்தவன் அழப் போறான், பாரு" என்று சொல்லிவிட்டு, லிஃப்டுக்குக் காத்திராமல் படியிறங்கி ஓடினார்.

அம்மா அப்படியே நாற்காலியில் சரிந்தார். அப்போதுதான் மேசையில் கவிழ்ந்து கிடந்த சமையல் தராசைப் பார்த்தார்.

"இதோட வயித்தை ஏன் கிழிச்சு வச்சிருக்கீங்க?"

"கணினிக்கும் இதே காசு பேட்டரிதாம்மா, அணைச்சதும் மாத்தப் போறோம்" என்று இலின்கா எல்லாவற்றையும் சொன்னாள். "மெமரி மேல தப்பில்ல. தினமும் ராத்திரி யாரோ கணினிக்கு மட்டும் மின்சாரத்தை நிறுத்துறாங்க. அண்ணா இல்ல, நானும் இல்ல. இல்லேன்னா சுவிட்சுல கோளாறோன்னு பயமா இருக்கு."

அம்மா குனிந்து காலணியின் கயிற்றை அவிழ்த்தார். ஒரு கயிற்றை அவிழ்க்க அவ்வளவு நேரம் ஆகாது.

"அம்மா?" என்றான் ரஸ்வான்.

"நீ சிரிப்பேன்னுதான்டா சொல்லலை" என்றார் அம்மா, தலையைத் தூக்காமலே. "ராத்திரி தீப்பிடிச்சிடுமோன்னு பயம். நீங்க தூங்கினதும் நான்தான் பிளக்கைப் பிடுங்கி வைப்பேன். நீங்க எழுந்திரிக்கிறதுக்குள்ள மறுபடி சொருகிடுவேன்."