மீட்டரை நம்பியவர்

காலை ஆறே கால். மலைச்சாலையின் வளைவுக்குக் கீழே அந்த டீசல் ஜீப் கவிழ்ந்து கிடந்தது. ஓட்டிவந்தவர் உள்ளேயே இறந்திருந்தார். இன்ஸ்பெக்டர் வந்து சேர்வதற்குள் மேலே நின்ற கூட்டம் தீர்ப்பே சொல்லிவிட்டது: தூங்கிட்டாரு. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

இறந்தவருக்கு ஊர் வைத்த பெயர் மீட்டர். ஓடிய கிலோமீட்டரைப் பார்த்துத்தான் வண்டியில் எதையும் மாற்றுவார். முன்னும் இல்லை, பின்னும் இல்லை. கேலி செய்தவர்களின் வண்டிகள்தான் வழியில் நின்றன.

சரிவில் இறங்கப் பார்த்த அவர் மனைவியை அவள் தம்பி பிடித்துக்கொண்டான். நாலு மாதத்துக்கு முன் வெளியூர் ஏலத்தில் இந்த ஜீப்பை எடுத்துக் கொடுத்தவன் அவன்தான்.

"படிச்சுப் படிச்சுச் சொன்னேனே மாமா, இன்ஜின் பெல்ட்டை மாத்துங்கன்னு. கேட்டீங்களா?" என்று தேம்பினான்.

அவள் இன்ஸ்பெக்டரிடம் வந்தாள். "மேடம், அவர் தூங்கலை. தூங்கிட்டார்னு எழுதிடாதீங்க. ஓட்டறது ஒண்ணுதான் அவருக்குப் பெருமை. அதையும் பறிச்சுடாதீங்க."

இன்ஸ்பெக்டர் சரிவில் இறங்கினார். மீட்டர் எழுபத்தெட்டாயிரம் காட்டியது. பெடல்களில் புது ரப்பர். ஆனால் கியர் குமிழில் எண்கள் தேய்ந்தே போயிருந்தன. ஸ்டியரிங்கின் உறையை உரித்தால் உள்ளே வழவழவென்று தேய்ந்திருந்தது. கைப்பிரேக் முழுக்க மேலே இழுக்கப்பட்டிருந்தது.

மதியம் இரண்டு மணி. மெக்கானிக் இன்ஜின் மூடியைக் கழற்றினார். உள்ளே பல் வைத்த பெல்ட் இரண்டு துண்டாகக் கிடந்தது.

"இது அறுந்தா?"

"இன்ஜின் நின்னுடும். பிரேக் கல்லாயிடும். ஸ்டியரிங்கைத் திருப்பவே முடியாது. இறக்கத்துல என்ன பண்ண முடியும்?"

"எப்ப மாத்தணும்?"

"லட்சம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை. ஆனா இது மூணு லட்சமாவது ஓடின வண்டி மேடம். மீட்டரைத் திருப்பியிருக்காங்க. டீசல் இன்ஜின் அவ்வளவு ஓடறது அதிசயமில்ல, பெல்ட்டுக்கு அந்த ஆயுசு கிடையாது." கையைத் துடைத்துக்கொண்டார். "வண்டியை அரைகுறையாப் பார்த்துக்கிறவன் சந்தேகப்பட்டாவது திறந்து பார்த்திருப்பான். இவர் மீட்டரை நம்பிட்டார்."

மாலை ஐந்து. உடல் இன்னும் வீட்டுக்கு வரவில்லை. இன்ஸ்பெக்டர் அக்காவையும் தம்பியையும் உள்ளறையில் உட்காரவைத்தார்.

"வாங்கும்போது எவ்வளவு ஓடியிருந்தது?"

"எழுபதாயிரம் மேடம். ஏலக்காரன் ஏமாத்திட்டான் போலிருக்கு."

"உன்னையுமா?"

"ஆமா மேடம்."

"அப்ப பெல்ட்டை மாத்தச் சொன்னது ஏன்?"

அவன் அக்காவைப் பார்த்தான்.

"காலைல யாரும் இன்ஜினைத் திறக்கக்கூட இல்லை, நீ பெல்ட்டைச் சொல்லி அழுதே. எழுபதாயிரம் ஓடின வண்டியில அதைப் பத்தி யாரும் கவலைப்பட மாட்டாங்க. நிஜ ஓட்டம் தெரிஞ்சவனுக்குத்தான் அந்தப் பயம் வரும். மீட்டரைத் திருப்பினதும், பெடலுக்குப் புது ரப்பர் போட்டதும் நீதான்."

அவன் தலையில் கைவைத்துக்கொண்டான். "ரொம்ப ஓடின வண்டின்னா மாமா தொட்டிருக்க மாட்டார். நடுவுல எனக்கும் கொஞ்சம் காசு நின்னுச்சு. அப்புறம்தான் பயம் பிடிச்சுது. எத்தனையோ தடவை சொன்னேன்க்கா. 'மீட்டரைப் பாரு மச்சான், இன்னும் நாள் இருக்கு'ன்னு சிரிச்சார்."

"ஏன் மாத்தணும்னு சொன்னியாடா?" என்றாள் அக்கா.

"சொல்லலை."

"சொல்லியிருந்தா உன்னைத் திட்டியிருப்பார். சாயங்காலமே மாத்தியிருப்பார்." அவள் குரல் உடைந்தது. "என் புருஷன் உசுரைவிட உன் மானம் பெரிசாப் போச்சாடா?"

தம்பி அவள் காலில் விழுந்தான். அவள் காலை இழுத்துக்கொண்டாள். இவனைத் தூக்கி வளர்த்தவள் அவள். அந்தக் கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டாள்.

இன்ஸ்பெக்டர் மெதுவாகச் சொன்னார்: "அம்மா, தூங்கினவர் கைப்பிரேக்கை இழுக்க மாட்டார். கடைசிவரை நிறுத்தத்தான் பார்த்திருக்கார். புகாரை நீங்க கொடுத்ததா எழுதணும். தம்பியாச்சேன்னு யோசிச்சா, நாளைக்கு எழுதலாம்."

அவள் வெகுநேரம் அழுதாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இப்பவே எழுதுங்க. அவர் முழிச்சுட்டுத்தான் இருந்தார்னு முதல்ல எழுதுங்க. அப்புறம் இவன் பேரை நான் சொல்றேன்."