அப்பா ஏறிய மூன்று படிகள்

சதேந்திரா சித்தப்பா நியூசிலாந்துக்குக் குடிபோக இன்னும் ஒன்பது வாரம் இருந்தது.

"வழியனுப்ப நான் வரலை," என்று அப்பா சொல்லிவிட்டார்.

"ஏம்ப்பா?" என்று கேட்டாள் பத்து வயது ஷல்வினா.

"பஸ்ஸுக்கு மூணு படி இருக்கு. நாலு பேர் என்னை மூட்டை மாதிரி தூக்கி வைக்கணுமா?"

அப்பா தேவேந்திரா, சபேட்டோவில் கரும்பு விவசாயி. நான்கு மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து அவருடைய இடது பக்கம் தளர்ந்துவிட்டது. இப்போது கோலூன்றி நடந்தார். ஆனால் ஒரு காலைத் தூக்கினால் மறு கால் நிற்கவில்லை. இரண்டு முறை விழுந்தார். அதன்பிறகு பயம் அவரை நாற்காலியிலேயே உட்கார வைத்துவிட்டது.

அதே வருடம்தான் அந்தத் தீவு நாட்டின் தலைநகரான சுவாவில் துப்பாக்கிக்காரர்கள் ஆட்சியைக் கவிழ்த்தார்கள். சுற்றுலாப் பயணிகள் வரவில்லை. சித்தப்பாவுக்கு ஹோட்டல் வேலை போனது. ஷல்வினாவின் வகுப்பிலேயே ஆறு பேர் வெளிநாடு போய்விட்டார்கள்.

அப்பாவுக்குப் பயிற்சி கொடுத்த ஜான்கி அக்காவும் ஆஸ்திரேலியா கிளம்பினார். கடைசி நாளில், எட்டு அசைவுகளைப் பெயரோடு படமாக வரைந்த ஒரு தாளைத் தந்தார்.

"இதுக்கு டாய் சின்னு பேரு. சீனப் பயிற்சி. உடம்புப் பாரத்தை ஒரு காலிலேர்ந்து மறு காலுக்கு மெதுவா மாத்தணும். தினமும் செஞ்சா தடுமாற்றம் குறையும். முன்னால கனமான நாற்காலி, பின்னால அம்மா. ரெண்டும் இல்லாம செய்யக் கூடாது."

அப்பா ஒரு நாள் செய்தார். மறுநாள் தாளை மடித்து வைத்துவிட்டார்.

"மேகக் கையாம், குதிரைப் பிடரியாம். மேகத்துக்கு ஏது கை? எனக்கு ஒண்ணும் புரியலை."

ஷல்வினா தாளை எடுத்து, கொல்லையில் நின்று ஒவ்வொரு படமாகச் செய்து பார்த்தாள். மூன்றாவது படத்தில் ஒரு கால் முன்னால், ஒரு கை மேலே, ஒரு கை கீழே. இப்படி யாரோ நிற்பதைப் பார்த்திருக்கிறோமே என்று யோசித்தாள். சட்டென்று உள்ளே ஓடினாள்.

"அப்பா, கரும்புக்குள்ள போறப்ப தோகையை எப்படி விலக்குவீங்க? மறந்துபோச்சா?"

"பதினாலு வயசிலேர்ந்து போறேன். மறக்குமா?"

"அப்ப காட்டுங்க."

அம்மா ரஞ்சனா பின்னால் வந்து நின்றார். அப்பா நாற்காலியைப் பிடித்து எழுந்தார். இடது காலை முன்னே வைத்தார். வலது கை, அங்கே இல்லாத தோகையை ஒதுக்கியது. உடம்பு தானாக முன் காலுக்கு மாறியது.

ஷல்வினா தாளை விரித்தாள். "இதுதான் மூணாவது படம்."

அப்பா அதை வெகுநேரம் பார்த்தார். "இந்த ஆளும் கரும்பு வெட்டினவன் போலிருக்கே," என்றார்.

அன்றே எட்டுப் படங்களுக்கும் புதுப் பெயர் வைத்தார்கள். வாளி தூக்குவது ஒன்று. காளையைத் தள்ளுவது ஒன்று.

தினமும் பள்ளிக்கு முன் பயிற்சி நடந்தது. "இன்னிக்கு வேணாம்" என்பார் அப்பா. "ஒரே ஒரு படம்" என்பாள் ஷல்வினா. அது எட்டாகத்தான் முடியும்.

நான்காவது வாரம் அப்பா சாய்ந்து, நாற்காலியைப் பற்றிக்கொண்டார். அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"போதும்மா."

ஷல்வினா அவர் பக்கத்தில் அமர்ந்தாள்.

"விழலையேப்பா," என்றாள். "அம்மா பிடிக்கறதுக்குள்ள நீங்களே பிடிச்சுக்கிட்டீங்க."

அப்பா யோசித்தார். மெல்ல எழுந்து நின்றார். "காளையில விட்டோம், இல்லையா?"

ஏழாவது வாரம் நாற்காலியில் ஒரு விரல் மட்டும் இருந்தது. எட்டாவது வாரம் ஒரு மரப்பெட்டியில் ஏறி இறங்கினார்.

சித்தப்பா கிளம்பும் நாள் வந்தது. பஸ் நின்றதும் ஓட்டுநர் உதவ எழுந்தார்.

"இருங்க தம்பி," என்றார் அப்பா. கோலை ஷல்வினாவிடம் கொடுத்துக் கம்பியைப் பிடித்தார்.

முதல் படி. இரண்டாவது படி. மூன்றாவதில் இடது கால் தட்டி நின்றது. பின்னால் அம்மா தாங்கக் கையை நீட்டினார். அப்பா அவசரப்படவில்லை. பாரத்தை மெதுவாக வலது காலுக்கு மாற்றினார். இடது கால் எழுந்தது.

"எங்க போகணும் அண்ணே?" என்றார் ஓட்டுநர்.

"ஏர்போர்ட்டுக்கு. மூணு டிக்கெட்."

விமான நிலைய வாசலில் சித்தப்பா பெட்டிகளை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தார்.

"அண்ணே, எப்படி வந்தீங்க?"

"பஸ்லதான்டா."

சித்தப்பா அவரைக் கட்டிக்கொண்டு அழுதார். தன் பாரம் முழுவதையும் அண்ணன் மேல் போட்டுவிட்டார். ஷல்வினா பதறிப்போய் அருகில் சென்றாள்.

அப்பா இரண்டு கால்களையும் அகட்டி ஊன்றி நின்றார். தடுமாறியது சித்தப்பாதான். அப்பா அவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார்.