நாற்பத்தொன்றாவது ஆள்

புதன்கிழமை காலை 7.20. ஒரகடத்தில் ராணுவ வண்டிகளைப் பழுது பார்க்கும் தொழிற்சாலை. டீசல் டேங்கர் ஒன்றின் மூடியைத் திறந்த ஃபிட்டர் அலறிக்கொண்டு பின்வாங்கினார். உள்ளே ஒரு பிணம்.

8.05. இன்ஸ்பெக்டர் அன்னபுஷ்பம் வந்து பார்த்தார். இறந்தவருக்கு முப்பது வயதிருக்கும். கம்பெனிச் சீருடை, சேஃப்டி ஷூ. கழுத்தில் பாஸ் இல்லை. நகங்கள் உடைந்திருந்தன. மூடியின் உட்புறம் கீறல்கள்.

"நேத்து சாயங்காலம் நாலு மணி வாக்குல உயிர் போயிருக்கும்" என்றார் டாக்டர்.

ஒப்பந்த ஆட்களின் சூப்பர்வைசர் டெனிசன் ஒரு பட்டியலை நீட்டினார். "ராணுவ ஆபீசுக்கு வாராவாரம் அனுப்புற லிஸ்ட் மேடம். போலீஸ் வெரிஃபிகேஷன் முடிஞ்ச நாப்பது பேரு. நேத்து நாப்பது பேர் உள்ள வந்தாங்க, ரெண்டரைக்கு ஷிஃப்ட் முடிஞ்சு நாப்பது பேரும் வெளிய போயிட்டாங்க. இன்னிக்கும் எல்லாரும் வந்திருக்காங்க. இவன் எவனோ செவுரேறிக் குதிச்ச திருடன்."

"திருட வந்தவன் டேங்குக்குள்ள எதுக்கு எறங்குறான்?"

டெனிசன் பட்டியலை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

9.10. கேன்டீன். 'செவ்வாய் – சாம்பார் சாதம்' என்றது சுவரில் ஒட்டியிருந்த தாள். சமையல்காரி ஞானம்மா சலித்துக்கொண்டார்.

"நேத்து கேஸ் தீந்துபோச்சும்மா. பன்னும் வாழப்பழமும்தான் குடுத்தேன். அல்லாரும் திட்டிக்கினே துன்னாங்க. அதுலயும் முப்பத்தொம்பது பேர்தான் வந்தாங்க."

9.30. நாற்பது பேரும் வரிசையாக நின்றார்கள். இறந்தவரின் போட்டோவைப் பார்த்து எல்லோருமே, டெனிசனை ஓரக்கண்ணால் பார்த்தபடி, தெரியாது என்றார்கள். அன்னபுஷ்பம் ஒவ்வொருவரிடமும் இன்னொரு கேள்வியும் கேட்டார்: "நேத்து மதியம் என்ன சாப்பிட்டீங்க?"

பன், வாழைப்பழம் என்று எரிச்சலோடு பதில் வந்துகொண்டே இருந்தது. இருபத்தாறாவதாக நின்ற புருஷோத்தமன் மட்டும், "சாம்பார் சாதம் மேடம்" என்றார்.

அன்னபுஷ்பம் அவரைத் தனியே அழைத்துப் போனார்.

"நேத்து நீங்க வேலைக்கு வரல. உங்க பாஸ்ல வந்தது யாரு?"

புருஷோத்தமன் கழுத்திலிருந்த பாஸைக் கழற்றி நீட்டினார். "என் மச்சான் மேடம், கார்முகில். அவன் அக்காவுக்கு, என் சம்சாரத்துக்கு ஸ்கேன் எடுக்க வேண்டியிருந்துச்சு. லிஸ்ட்ல ஆள் கொறையக் கூடாது, யாரையாவது அனுப்புன்னு டெனிசன் சார்தான் சொன்னாரு."

"பாஸ் திரும்ப எப்படி வந்துச்சு?"

"சாயங்காலம் அவரே வூட்டாண்ட வந்து குடுத்தாரு. மச்சான் வேற வேலையா போய்ட்டான்னாரு. போட்டோவப் பாத்ததும் பயந்துட்டேன் மேடம்."

10.15. டெனிசன் முன்னால் அன்னபுஷ்பம் கேட் மெஷினின் பதிவை வைத்தார்.

"டேங்குல எறங்குறவங்க பாஸ வெளிய ஆணியில மாட்டிட்டு எறங்கணும். ரெண்டு முப்பத்தொண்ணுக்குப் புருஷோத்தமன் பாஸ் வெளிய போயிருக்கு. அதே நிமிஷம், அதுக்கு அடுத்தது உங்க பாஸ். நீங்க ஒரே ஆளா ரெண்டு பாஸையும் காட்டியிருக்கீங்க. மெஷின் பாஸ எண்ணுச்சு. ஞானம்மா ஆள எண்ணுனாங்க."

"டேங்க் கழுவ எறக்கிவிட்டிருந்தேன், சாப்பிடக் கூப்பிடப் போனேன் மேடம். நெடியில விழுந்து கெடந்தான். செத்துட்டான்னு நெனச்சேன். லிஸ்ட்ல இல்லாத ஆளு உள்ள செத்தான்னா கான்ட்ராக்டே போய்டும். நாப்பது குடும்பம். அதான் மூடிட்டேன்."

"நாலு மணி வரைக்கும் அவரு உயிரோட இருந்தாரு. கண்ணு முழிச்சு மூடியப் பிறாண்டியிருக்காரு."

டெனிசன் முகத்தைப் பொத்திக்கொண்டார். கான்ஸ்டபிள் தோளைத் தொட்டு எழுப்பினார்.

11.00. பிண வண்டி கிளம்பியது. பின்னாலேயே கேட் வரை நடந்த புருஷோத்தமனை அன்னபுஷ்பம் நிறுத்தினார்.

"கார்முகில் சொந்தப் பாஸுக்கு எழுதிப் போடலியா?"

"போட்டான் மேடம். குடிதண்ணி வரலன்னு ஊரோட சேந்து ரோட்டுல உக்காந்தான், ஒரு கேஸ் போட்டுட்டாங்க. அதனால வெரிஃபிகேஷன் ஆறு மாசமா ஸ்டேஷன்லயே கெடக்குது. யார்கிட்ட கீதுன்னுகூட அவனுக்குக் கடைசி வரைக்கும் தெரியல."

அன்னபுஷ்பத்துக்கு அந்தப் பெயர் இப்போதுதான் நினைவுக்கு வந்தது. சின்னக் கேஸ்தான், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கிவைத்த விண்ணப்பம்.

"என் மேசையிலதான் இருக்கு" என்றார்.